ஆசியா என்னும் அரும்பெயர்

உலகத்துப் பெண்மணிகளுள் தலைசிறந்தவர் என நால்வரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துரைத்தார்கள் என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி ஒன்று திர்மிதீ தொகுப்பில் உள்ளது. இம்ரானின் மகளார் மர்யம், குவைலிதின் மகளார் கதீஜா, நபிகளாரின் அருமை மகளார் பாத்திமா, பிர்அவ்னின் மனைவியார் ஆசியா ஆகியோரே அந்நால்வர். இவர்களுள் மூவருடைய பெயர்கள் நம் இல்லங்களில் தலைமுறை தலைமுறையாக வழங்கி வருகின்றன. நம் ஒடுகத்தூர்ப் பக்கத்து மக்தபுகளில் பாத்திமா என்று அழைத்தால் நான்கு சிறுமியர் எழுந்து நிற்பர். மர்யம் என்றால் இருவர் எழுவர். ஆசியா என்று அழைத்தாலோ பல ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் ஒரு சிறுமி எழக் காணலாம். ஒரே நபிமொழியில் ஒரே வரிசையில் வைத்துப் போற்றப்பெற்ற நான்கு பெயர்களுள் ஒன்று மட்டும் ஏன் அருகிப் போயிற்று? இவ்வினாவுக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் அப்பெயருக்குரிய பெருமாட்டியைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். திருமறையில் பெயர் சுட்டிக் கூறப்பெற்ற பெண்மணி மர்யம் (அலை) ஒருவரே. ஏனைய பெண்மணிகள் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய், இன்னாரின் சகோதரி என்றே குறிக்கப்பெறுகின்றனர். அவ்வகையில் பிர்அவ்னின் மனைவியார் இரண்டிடங்களில் பேசப்படுகிறார். அல்கஸஸ் அத்தியாயத்தின் 9ஆம் வசனத்தில், ஆற்றில் மிதந்து வந்த குழந்தை மூஸாவைக் கொல்ல வேண்டாம் என்று கணவனிடம் மன்றாடித் தம் மகவாக ஏற்க விழைகிறார். அத்தஹ்ரீம் அத்தியாயத்தின் 11ஆம் வசனத்தில், இறைநம்பிக்கையாளர் அனைவர்க்கும் முன்மாதிரியாக அவர் நிறுத்தப்பெறுகிறார். அரண்மனையில் வாழ்ந்த அவர், சுவனத்தில் இறைவனின் அருகே தமக்கொரு வீடு வேண்டுமென்றும், பிர்அவ்னிடமிருந்தும் அவன் செயல்களிலிருந்தும் தம்மைக் காக்க வேண்டுமென்றும் இறைஞ்சியதாக அவ்வசனம் தெரிவிக்கிறது. யூத, கிறித்துவ வேதமான யாத்திராகமம் குழந்தையை எடுத்தவர் பார்வோனின் குமாரத்தி என்று கூற, திருமறை அவன் மனைவி என்று கூறுவது நோக்கத்தக்கது.

ஆசியா என்னும் பெயரை நாம் அறிவது நபிமொழிகளின் வாயிலாகவே. ஆண்களில் பலர் முழுமை பெற்றனர், பெண்களில் மர்யமும் ஆசியாவும் முழுமை பெற்றனர் என்னும் கருத்தமைந்த நபிமொழி புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உள்ளது. அவருடைய தந்தையின் பெயர் முஸாஹிம் என்பதும் நபிமொழி வழியே கிடைக்கும் செய்தியாகும்.

இனி, அப்பெயரின் பொருளைக் காண்போம். அவர் மிஸ்ர் நாட்டு அரசி. ஆதலின் மூஸா, மர்யம் போன்ற பெயர்களைப் போல இதுவும் அயல்மொழிப் பெயராய் அரபியில் வந்து சேர்ந்திருத்தல் கூடும். எனினும் அரபுச் செவிகளுக்கு அச்சொல் அயலாக ஒலிக்கவில்லை. அலிஃப், ஸீன், வாவ் ஆகிய மூன்றும் வேரெழுத்துகளாக அமைந்த சொற்குடும்பத்தில் புண்ணுக்கு மருந்திடுதல், ஆறுதல் கூறுதல் என்னும் பொருள்கள் உள்ளன. மருத்துவனை ஆஸீ என்பர். அதன் பெண்பால் ஆஸியா. கி.பி. 1311இல் மறைந்த இப்னு மன்ழூர் தொகுத்த 'லிஸானுல் அரப்' என்னும் பேரகராதி, உறுதியாகக் கட்டப்பெற்ற கட்டடம், தாங்கி நிற்கும் தூண் என்னும் பொருள்களையும் அச்சொல்லுக்குத் தருகிறது. புண்ணாற்றுபவள் என்றாலும் தூண் என்றாலும், கொடுங்கோலனின் மனையில் இருந்துகொண்டே ஒரு நபியை வளர்த்தெடுத்த அம்மையாருக்கு இரண்டும் பொருந்தவே செய்கின்றன.

இத்துணைச் சிறப்புடைய பெயர் அருகியமைக்குச் சிலர் கூறும் காரணம், பிர்அவ்னின் மனைவி என்னும் தொடர்பை மக்கள் விரும்பவில்லை என்பது. இது பொருந்துவதாகத் தோன்றவில்லை. துருக்கியரிடையே ஆஸியே என்றும், மலாய் மக்களிடையே ஆசியா என்றும், சித்தி என்னும் முன்னொட்டுடனும் இப்பெயர் இயல்பாக வழங்குகிறது. அங்கெல்லாம் தடுக்காத தொடர்பு இங்கு மட்டும் தடுத்திருக்குமென்று கொள்வதற்கில்லை. உண்மையான காரணங்கள் எழுத்தில் உள்ளன என்பதே என் துணிபு.

முஸ்லிம் தொகுப்பில் இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் மற்றொரு நபிமொழி உண்டு. உமர் (ரலி) அவர்களின் மகளார் ஒருவர் 'ஆஸியா' என்று அழைக்கப்பட்டு வந்தார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அப்பெயரை மாற்றி ஜமீலா என்று பெயரிட்டார்கள். தமிழில் இதனைப் படிப்பவர் என்ன எண்ணுவார்? நாயகமே மாற்றிய பெயரை நம் மகளுக்கு இடலாகாது என்றே எண்ணுவார். ஆனால் அந்தப் பெயர் வேறு, இந்தப் பெயர் வேறு. மாற்றப்பெற்ற பெயர் ஐன் என்னும் எழுத்தில் தொடங்கி, இடையில் ஸாத் என்னும் எழுத்தைக் கொண்டது. மாறு செய்பவள், கட்டளையை மீறுபவள் என்பது அதன் பொருள். பாவச் செயலைக் குறிக்க நாம் வழங்கும் 'மஃஸியத்' என்னும் சொல்லும் அந்த வேரிலிருந்து பிறந்ததே. எவருடைய இழிவுக்கும் பணியாதவள் என்னும் பெருமிதம் தோன்றவே அறியாமைக் கால அரபியர் அப்பெயரை இட்டனர் என்று உரையாசிரியர்கள் விளக்குவர். பிர்அவ்னின் மனைவியார் பெயரோ அலிஃபில் தொடங்கி, இடையில் ஸீன் கொண்டது. வேரும் வேறு, பொருளும் வேறு.

அரபியருக்கு இதில் மயக்கம் இல்லை. ஐன் தொண்டையின் நடுவிலிருந்து எழும் ஒலி. ஸாத் வாய் நிறைய ஒலிக்கும் வல்லொலி. காது கேட்ட அளவிலேயே இரு பெயர்களும் வேறாகிவிடும். உருது பேசுவோரிடத்தில் ஐனும் அலிஃபும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. ஸாதும் ஸீனும் அவ்வாறே. ஆயினும் உருது எழுத்தில் வேறுபாடு மறையாமல் நிற்பதால், காது மயங்கினாலும் கண் தெளிவிக்கும். தமிழில் காதும் உதவாது, கண்ணும் உதவாது. இரு பெயர்களையும் ஆஸியா அல்லது ஆசியா என்றே எழுதுகிறோம். கற்றவர் எடுத்துச் சொன்னாலன்றித் தமிழ் மட்டும் அறிந்தவர்க்கு இவ்வேறுபாடு விளங்குவதற்கு வழியில்லை.

முற்காலத்தில் தமிழர்க்கும் கண்ணின் துணை இருந்தது. அரபுத் தமிழ் என்னும் எழுத்து முறை, அரபு எழுத்துகளைக் காத்துக்கொண்டு, தமிழுக்கே உரிய ஒலிகளுக்காகச் சில எழுத்துகளைப் புதிதாக அமைத்துக்கொண்டது. ஐனும் ஸாதும் அதில் அப்படியே நின்றன. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்னும் செய்யிது முஹம்மது ஆலிம் (1816–1898) போன்ற பெரியோர் அவ்வெழுத்தில் நூல்கள் இயற்றினர். வீட்டிலிருந்த பெண்கள் அவற்றை ஓதி மார்க்கம் அறிந்தனர். அதே கீழக்கரையில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் வாழ்ந்து ஞானப் பாடல்கள் புனைந்த பெண் புலவரின் பெயர் செய்யிது ஆசியா உம்மா என்பதாகும். 'மெய்ஞ்ஞானத் தீப இரத்தினம்' அவருடைய நூல். தமிழ் இஸ்லாமிய இலக்கியத்தில் இப்பெயருக்கு இத்தகைய இடமிருப்பது நம் பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்க செய்தி. 20ஆம் நூற்றாண்டில் அரபுத் தமிழ் வழக்கொழிந்தபோது, எழுத்தோடு இத்தகைய நுண்ணிய வேறுபாடுகளும் மறைந்தன.

வேலூர், ஆம்பூர், பேரணாம்பட்டு வட்டாரத்தில் நிலைமை இன்னும் சிக்கலானது. இங்கு ஒரு பெண்ணின் பெயர் மூன்று எழுத்துகளில் வாழ்கிறது. வீட்டில் உருது, பள்ளியில் தமிழ், அலுவலகத்தில் ஆங்கிலம். ஆம்பூர்ப் பகுதிக் காலணித் தொழிற்சாலைகளில் பெண்களே மிகுதியாகப் பணிபுரிகின்றனர். அங்கே வருகைப் பதிவேடு, வருங்கால வைப்பு நிதிக் கணக்கு, வங்கிப் புத்தகம் எல்லாம் ஆங்கிலத்தில் உள்ளன. ஆங்கிலத்தில் இப்பெயரை நான்கெழுத்தாகச் சுருக்கி எழுதினால் அது கண்டத்தின் பெயராகிவிடுகிறது. படிப்பவரும் 'ஏஷியா' என்றே படிக்கின்றனர். தமிழிலோ கண்டமும் ஆசியா, பெண்ணும் ஆசியா. பூகோள வகுப்பில் அப்பெயருடைய சிறுமி தோழியரின் சிரிப்புக்கு ஆளாகிறாள். 'உலகப் படத்தில் உள்ள பெயரையா பிள்ளைக்கு வைப்பது?' என்று பாட்டிமார் தயங்குகின்றனர்.

கண்டத்தின் பெயருக்கும் இதற்கும் உறவில்லை. அது கிரேக்கர் வழியாக வந்தது. இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் இருந்த 'அஸ்ஸுவா' என்னும் நாட்டின் பெயர், ஏறத்தாழக் கி.மு. 1400ஆம் ஆண்டையொட்டிய ஹிட்டைட் அரசரின் ஆவணங்களில் காணப்படுகிறது. அதுவே கண்டப் பெயரின் மூலம் என்று கருதும் ஆய்வாளர் பலர். கி.மு. 5ஆம் நூற்றாண்டினரான கிரேக்க வரலாற்றாசிரியர் ஹிரோடோட்டஸ், புரொமீத்தியஸ் என்பவனின் மனைவி பெயரால் அக்கண்டம் அழைக்கப்பட்டது என்று தம் மக்கள் கூறுவதைக் குறிப்பிடுகிறார். அரபியிலும் கண்டத்தின் பெயர் அலிஃபில் முடியும். அம்மையாரின் பெயர் தா மர்பூத்தாவில் முடியும்.

இவையெல்லாம் ஏட்டு ஆராய்ச்சிதானே என்று எவரும் ஒதுக்கிவிட வேண்டாம். நம் பகுதிக் குடும்பம் ஒன்றில், யாரோ மேடையில் சொன்னதைக் கேட்ட தந்தை, பதினான்கு வயது மகளின் பெயரை மாற்ற முனைந்தார். பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ், ஆதார் அட்டை அனைத்தையும் திருத்த வேண்டும். அரசிதழில் அறிவிப்பு வெளியிட வேண்டும். அச்செலவினும் பெரியது அப்பெண் கேட்ட கேள்வி. 'ஹஜ்ரத், இத்தனை நாளும் என்னை எல்லாரும் பாவி என்றா கூப்பிட்டார்கள்?' என்று என்னிடம் கேட்டாள். கரும்பலகையில் இரு பெயர்களையும் அரபியில் அருகருகே எழுதிக் காட்டினேன். தந்தையார் தம் முயற்சியைக் கைவிட்டார். கேட்க ஆளில்லாத ஊர்களில் எத்தனை பெயர்கள் இவ்வாறு மாறினவோ, அல்லாஹ்வே அறிவான்.

பெயருக்கும் பெயருடையாருக்கும் உள்ள தொடர்பு ஆழமானது என்று, கி.பி. 1350இல் மறைந்த இப்னுல் கய்யிம் அவர்கள், பிறந்த குழந்தை பற்றிய விதிகளைக் கூறும் 'துஹ்ஃபதுல் மவ்தூத்' என்னும் நூலில் விரித்துரைக்கிறார்கள். தீய பெயரை நல்ல பெயராக மாற்றுவது நபிவழி. அதனாலேயே, நல்ல பெயரைத் தீயதென்று மயங்கி மாற்றாதிருப்பதும் நம் கடமையாகிறது. ஒரு பெயரின் மேல் ஐயம் எழுந்தால், தமிழெழுத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், அரபி கற்ற ஆலிம் ஒருவரிடம் எழுதிக் காட்டச் சொல்லிக் கேட்பதே முறை. இதற்குக் காலமும் உண்டு. பெயரில்லாமல் பதிவு செய்த பிறப்பில் ஓராண்டு வரை கட்டணமின்றியும், அதன்பின் பதினைந்து ஆண்டுகள் வரை கட்டணத்துடனும் பெயரைச் சேர்க்க 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் கீழுள்ள விதிகள் இடமளிக்கின்றன. ஆங்கிலத்தில் எழுதும்போது 'ஒய்' எழுத்தையும் சேர்த்து எழுதினால் கண்டத்தின் மயக்கம் நீங்கும். தமிழில் ஆஸியா என்று எழுதினாலும் அவ்வாறே.

தன் நாட்டையே அடிமைப்படுத்திய கணவனுக்கு அவ்வம்மையார் மாறு செய்தார் என்பது மெய்தான். அம்மாறு இறைவனுக்கு அடிபணிந்ததன் விளைவு. அவ்வரலாற்றைச் சொல்லி வளர்க்கும் வீட்டில், ஆஸியா என்று பெயர் பெற்ற பெண் எந்த வகுப்பறைச் சிரிப்புக்கும் நாண வேண்டியதில்லை. மர்யம், கதீஜா, பாத்திமா என்று அழைக்கும் நம் இல்லங்களில் அந்த நான்காம் பெயரும் ஒலிக்கட்டும்.