தொகொனோமாவுக்கு முன்னால் யார் இருப்பது?

யப்பானிய வீடுகளின் படங்கள் இன்ஸ்டாகிராமில் வந்தால் ஒரு மூலை கட்டாயம் இருக்கும். சுவரோடு உள்வாங்கின ஒரு ஒதுக்கு. தரை கொஞ்சம் உயர்ந்திருக்கும். உள்ளே ஒரு தொங்கும் சுருள் ஓவியம், கீழே ஒரு பூச்சாடி, அவ்வளவுதான். பெயர் தொகொனோமா. பார்க்கிறவை எல்லாரும் ‘எளிமை’, ‘அமைதி’ எண்டு சொல்லுவினம். எனக்கென்னவோ அந்த எளிமைக் கதை பாதிதான் சரி எண்டு படுது.

இதன் வேர்களில் ஒன்று முரொமாச்சி காலத்தில் (1336–1573) இருக்கிறது. பௌத்த ஓவியத்தைச் சுவரில் தொங்கவிட்டு, அதன் முன்னால் பதித்த தடித்த பலகையில் பூவும் தூபக்காலும் விளக்கும் வைத்தார்கள். பிறகு அதே இடம் பெரிய வீட்டுக்காரர் தங்கட சீனச் சாமான்களைக் காட்டுற இடமாக மாறிவிட்டது.

கியோத்தோவில் நிஜோ கோட்டை இருக்கிறது. 1603இல் தொகுகவா இயேயாசு கட்டியது. அங்குள்ள பெரிய சபையறையின் தரை இரண்டு மட்டமாக இருக்கும். மேல்மட்டத்தில், தொகொனோமாவுக்கு முதுகு காட்டியபடி ஷோகன். ஒரு படி கீழே, தலை குனிந்தபடி பிரபுக்கள். அவர்கள் நிமிர்ந்தால் தெரிவது ஷோகனும், அவருக்குப் பின்னால் தங்கத்தில் தீட்டின பைன் மரமும். இதில எங்க எளிமை? கடைசி ஷோகன் யோஷினொபு ஆட்சியைத் திருப்பிக் குடுக்கிற முடிவை 1867இல் தன் ஆட்களுக்கு அறிவித்ததும் இதே அரண்மனையில்தான்.

எளிமைக் கட்சிக்கும் ஒரு நல்ல சாட்சி உண்டு. தேநீர் ஆசான் சென் நோ ரிக்யூவின் ‘தைஅன்’ அறை இரண்டே பாய் அளவு. அதன் தொகொனோமாவுக்கு உள்மூலைகளையும் மண்ணால் பூசி மறைத்திருக்கு. ஆனால் அந்த ரிக்யூவும் ஆட்சியாளர் ஹிதெயோஷியிடம் வேலை செய்தவர்தான். 1591இல் அவருடைய கட்டளையாலேயே உயிரை விட்டார்.

எடோ காலத்தில் சாதாரண குடியானவர் தொகொனோமா கட்டப் பல இடங்களில் தடை. ஊர்த் தலைவர் கட்டலாம், ஏனெண்டால் அதிகாரிகள் வந்தால் இருத்த ஒரு இடம் வேணுமே. 1868இல் மெய்ஜி ஆட்சி வந்த பிறகுதான் அது நடுத்தர வீடுகளுக்குப் பரவியது.

முக்கியமான விருந்தாளியை இதற்கு முன்னால், முதுகு அதன் பக்கம் இருக்கிற மாதிரித்தான் இருத்துவார்கள். அவருக்காக வைத்த ஓவியம் அவருக்கே தெரியாது! இப்ப தொடர்மாடி வீடுகளில் தொகொனோமா குறைவு. ஆனால் அலுவலகக் கூட்ட அறைகளில் வாசலுக்கு ஆகத் தூரமான கதிரை பெரியவருக்கு எண்டு புதுசாச் சேருற ஆக்களுக்குச் சொல்லிக் குடுக்கினம். தொகொனோமாவுக்கு முன்னால் இருந்த அந்த இடத்தின் பெயர்தான் இந்தக் கதிரைக்கும்: ‘கமிசா’, மேல் இருக்கை.