கொதிநீரில் கிடைத்த விடை

2020இல் கொரோனா வந்த பிறகு 'பீசீஆர்' என்ற சொல்லைக் கேள்விப்படாத ஆளே எங்கட ஊர்களில் இல்லை. மூக்குக்குள் குச்சி விட்டு எடுத்த மாதிரி ஆய்வுகூடத்துக்குப் போனது, முடிவு வந்தது. இடையில் என்ன நடந்தது என்று கனபேர் கேட்கவில்லை. அந்தக் கதை தொடங்கியது வைத்தியசாலையில் இல்லை, அமெரிக்காவின் யெலோஸ்டோன் தேசியப் பூங்காவில், வெந்நீரூற்றுகளின் கரையில்.

தோமஸ் புரொக் என்ற நுண்ணுயிரியலாளர் 1964இல் முதன்முதலாக அங்கே போனார். ஊற்றுநீர் வழிந்தோடும் இடங்களில் படிந்திருந்த நிறங்கள் அவரைப் பிடித்து நிறுத்தின. அவை நுண்ணுயிர்கள். அந்தக் காலத்தில் வெப்பத்தை விரும்பும் பற்றீரியாக்களைத் தேடியவர்கள் பெரும்பாலும் 55 பாகை செல்சியஸில்தான் அவற்றை வளர்த்துப் பார்த்தார்கள். 55இல் தேடினால் 55இல் வாழ்பவைதானே அகப்படும்?

1966இல் புரொக்கும், அப்போது இளமாணி மாணவராக இருந்த ஹட்சன் ஃபிரீஸும் 'மஷ்ரூம் ஸ்பிரிங்' என்ற ஊற்றின் மாதிரியிலிருந்து, 70 பாகையில் செழித்து வளரும் ஒரு பற்றீரியாவைப் பிரித்தெடுத்தார்கள். 1969இல் அதற்கு 'தெர்மஸ் அக்குவாட்டிகஸ்' என்று பெயர் வைத்து, எந்த ஆய்வாளரும் கேட்டு வாங்கக்கூடிய ஒரு சேமிப்பகத்தில் ஒப்படைத்தார்கள்.

1983இல் கலிபோர்னியாவின் சீட்டஸ் நிறுவனத்தில் வேலை செய்த கேரி முல்லிஸ், டீஎன்ஏயைப் பெருக்கும் ஒரு வழியை யோசித்தார். இரட்டை இழையைப் பிரிக்க ஏறத்தாழ 95 பாகைக்குச் சூடாக்க வேண்டும். அந்தச் சூட்டில் சாதாரண நொதியம் கெட்டுவிடும், ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாகச் சேர்க்க வேண்டும். தெர்மஸின் நொதியம் அந்தச் சூட்டைத் தாங்கியது. ஒருமுறை போட்டால் போதும். 30 சுற்றில் ஒரு துண்டு, கணக்குப்படி நூறு கோடிக்கு மேல் பெருகும்.

1991இல் இந்தத் தொழில்நுட்பத்தின் உரிமை 30 கோடி டொலருக்கு ரோஷ் நிறுவனத்துக்குக் கைமாறியது. 1993இல் முல்லிஸுக்கு நோபல் பரிசு. பற்றீரியாவைத் தந்த பூங்காவுக்கு ஒரு சதமும் இல்லை, புரொக்குக்கும் இல்லை. இயற்கையில் எடுத்ததிலிருந்து வரும் இலாபம் யாருக்கு என்ற கேள்வி அதன் பிறகுதான் அங்கே பலமாக எழுந்தது.

இதே காலத்தில் இன்னொரு கதையும் நடந்தது. 1977இல் 'அல்வின்' என்ற நீர்மூழ்கி, கலாபகோஸ் அருகே சுமார் 2,500 மீற்றர் ஆழத்தில், சூரிய ஒளியே எட்டாத இடத்தில், வெந்நீர்த் துவாரங்களையும் அவற்றைச் சுற்றி வாழும் உயிர்களையும் கண்டது. அதே வருடம் கார்ல் வூஸும் ஜோர்ஜ் பொக்ஸும் ஆர்க்கியா என்ற தனி உயிர்க்கூட்டத்தை அடையாளம் காட்டினார்கள். மரபணுக்களை வைத்து உயிர்களின் குடும்ப மரத்தை வரைந்தபோது, வேருக்குக் கிட்டவாகப் பிரியும் கிளைகளில் வெப்பவிரும்பிகள் பல இருந்தன. அப்படியென்றால் எங்கட எல்லோருடைய பொது மூதாதையும் சூட்டில்தான் பிறந்ததோ?

இலகுவாக 'ஓம்' சொல்லிவிட முடியாது. ஆர்என்ஏ போன்ற மூலக்கூறுகள் கடும் சூட்டில் சிதைந்துவிடும் என்று ஸ்டான்லி மில்லர் போன்றவர்கள் வாதாடினார்கள். உயிர் வேறெங்கோ தொடங்கி, ஆதிப் பூமியில் விண்கற்கள் விழுந்து கடல் கொதித்தபோது வெப்பத்தைத் தாங்கியவை மட்டும் தப்பியிருக்கலாம் என்பது இன்னொரு விளக்கம். 2000இல் அத்திலாந்திக் சமுத்திரத்தில் 'லொஸ்ட் சிற்றி' கண்டுபிடிக்கப்பட்டது. அங்கே துவாரநீரின் சூடு 40 முதல் 90 பாகை வரைதான், ஐதரசனும் தாராளம். அதனால் துவாரக் கருதுகோளுக்குத் திரும்பவும் பலம் வந்தது. விவாதம் இன்னும் முடியவில்லை.

புரொக் 2021இல் காலமானார். உலகம் முழுக்கப் பீசீஆர் நடந்துகொண்டிருந்த காலம் அது. அவர் மருந்தைத் தேடியோ காசைத் தேடியோ ஊற்றுக்குப் போகவில்லை, இந்தச் சூட்டில் எது வாழும் என்று அறியத்தான் போனார். "இதைப் படிச்சு என்ன பிரயோசனம்?" என்று எங்களிடம் கேட்பவர்களுக்கு நாங்கள் சொல்லக்கூடிய நல்ல பதில்களில் இந்த ஊற்றும் ஒன்று.