வரி வாங்காத ஊரும் சந்தா கேட்கும் அருங்காட்சியகமும்



இந்த நினைவுச் சொற்பொழிவுக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்கு வறட்சியாகத் தோன்றலாம். ஓர் அருங்காட்சியகத்துக்கு உறுப்பினர் சேர்ப்பது, சந்தா வாங்குவது, புரவலர் தேடுவது எல்லாம் ரசீதுப் புத்தகத்தோடு முடிந்துபோகிற வேலை என்று நினைக்கிறோம். ஆனால் ஒரு நிறுவனம் யாரிடம் காசு வாங்குகிறது, யாரிடம் வாங்க மறுக்கிறது என்பதைப் பார்த்தால் அது யாருடையது என்று தெரிந்துவிடும். சாதி ஊர் இதை எந்தச் சமூகவியல் பாடமும் இல்லாமலேயே அறிந்து வைத்திருக்கிறது.

நம் ஊர்களில் கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவார்கள். மணமான ஆண் ஒரு தலைக்கட்டு. வரி கொடுத்தவனுக்கு ஊர்க்கூட்டத்தில் பேச்சு உண்டு, சாமி வீதியுலாவில் வீட்டு வாசலில் நிற்க உரிமை உண்டு. சேரியிடம் அந்த வரியை வாங்க மாட்டார்கள். பறை அடிக்க ஆள் வேண்டும், பந்தல் கால் நட ஆள் வேண்டும். வரி மட்டும் வேண்டாம். வாங்கினால் பங்கு கொடுக்க வேண்டி வரும் என்பதுதான் காரணம். தமிழ்நாட்டின் பல ஊர்களில் தலித் மக்கள் 'எங்களிடமும் வரி வாங்கு' என்று போராடியிருக்கிறார்கள். பணம் கட்டுவதற்காக ஒருவர் போராட வேண்டியிருந்த நாடு இது. வெளியே இருந்து பார்ப்பவருக்கு விநோதமாகத் தெரியும் அந்தக் கோரிக்கையில் ஒரு தெளிவான அரசியல் இருந்தது: சந்தா என்பது உரிமையின் மறுபக்கம்.

இந்த வெளிச்சத்தில் சென்னையின் அருங்காட்சியக வரலாற்றைப் பார்ப்போம். 1812-இல் சென்னை இலக்கியச் சங்கம் தொடங்கப்பட்டது. கம்பெனி அதிகாரிகளும் நீதிபதிகளும் சந்தா கட்டி நடத்திய சங்கம் அது. உறுப்பினர்கள் பெரும்பாலும் ஐரோப்பியர்கள். அவர்கள் சேர்த்து வைத்திருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாறை, கனிம மாதிரிகளை வைத்துத்தான் 1851-இல் அரசு அருங்காட்சியகம் பிறந்தது. முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர். கல்லூரிச் சாலையில் தொடங்கி, 1854-இல் எழும்பூர் பாந்தியன் கட்டடத்துக்கு மாறியது. ஆக, நம் நகரத்தின் மிகப் பழைய அருங்காட்சியகத்துக்கு விதை போட்டது ஓர் உறுப்பினர் திட்டம்தான். அந்த உறுப்பினர் பட்டியலில் நாம் இல்லை.

அருங்காட்சியகத்துக்குள் நாம் போகாமலும் இல்லை. 1885 முதல் 1908 வரை அதன் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், மக்களின் மூக்கையும் மண்டையையும் கருவி வைத்து அளந்தார். அந்த அளவுகளோடு 1909-இல் தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றிய அவருடைய நூல் 7 தொகுதிகளாக வந்தது. சந்தா கட்டியவர்கள் சங்கத்தின் உறுப்பினர்கள் ஆனார்கள். நம் முன்னோர் அளவுக்கோலின் கீழ் மாதிரிகள் ஆனார்கள்.

அதே ஆண்டுகளில், அதே நகரத்தில், வேறொரு சந்தாவும் நடந்துகொண்டிருந்தது. எழும்பூரில் அமராவதியின் பௌத்தச் சிற்பங்கள் காட்சிப் பொருளாக நின்றபோது, இராயப்பேட்டையில் அயோத்திதாசப் பண்டிதர் பௌத்தத்தை வாழும் சமயமாக மீட்டுக்கொண்டிருந்தார். 1898-இல் சாக்கிய பௌத்த சங்கம். 1907 ஜூன் 19 அன்று 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழ். இதழின் பெயரே அதன் விலை. ஒரு கூலித் தொழிலாளி எட்டக்கூடிய விலையைத் தலைப்பில் அச்சடித்தது, 'இதில் உனக்கும் பங்குண்டு' என்று சொல்வதற்கு ஒப்பானது. பண்டிதர் 1914-இல் மறைந்தார். பின்னாளில் அந்த இதழ் ஜி. அப்பாத்துரையாரை ஆசிரியராகக் கொண்டு கோலார் தங்கவயலிலிருந்து மீண்டும் வந்தது. சுரங்கத்தில் இறங்கிய தொழிலாளர்கள் நிறைந்த ஊர் அது. இதழின் பழைய பிரதிகளை எந்த அருங்காட்சியகமும் தேடிப் பாதுகாக்காத காலத்தில், அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் தங்கள் வீடுகளில் காத்தார்கள். 1999-இல் பண்டிதரின் எழுத்துகள் தொகுதிகளாக வெளிவந்தபோதுதான் நம் தலைமுறைக்கு அந்த வரலாறு கைக்குக் கிடைத்தது. இன்று கிண்டியில் அவருக்கு அரசு மணிமண்டபம் கட்டி, 2023 டிசம்பரில் திறந்திருக்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால் மணிமண்டபத்துக்கும் முன்னால் நூறாண்டுகள் அந்த நினைவைத் தாங்கியது சிறு காசும் வீட்டு அலமாரியும்.

புரவலரை நாம் வெறுக்க வேண்டியதில்லை. 1920 ஜனவரியில் அண்ணல் அம்பேத்கர் 'மூக்நாயக்' தொடங்கியபோது கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் 2,500 ரூபாய் கொடுத்தார். அந்தக் கை இல்லாமல் அந்தக் குரல் அன்று எழுந்திருப்பது கடினம். ஆனால் இதழ் 1923-க்கு மேல் நிற்கவில்லை. 1927-இல் தொடங்கிய 'பகிஷ்கிருத் பாரத்' இதழில் அவர் வாசகர்களிடமே நிதி கேட்க வேண்டியிருந்தது. பெரிய கொடை கதவைத் திறந்துவிடும். தினமும் விளக்கேற்றுவதற்கு வேறு எண்ணெய் வேண்டும்.

இதையெல்லாம் இப்போது ஏன் பேசுகிறோம்? காட்டுப்பள்ளிக்காக. எண்ணூர்க் கழிமுகத்துக்கு வடக்கே, பக்கிங்காம் கால்வாய்க்கும் வங்கக்கடலுக்கும் நடுவில், பழவேற்காடு ஏரியைத் தொட்டு நீளும் மணல்தீவு அது. கப்பல் கட்டும் தளத்துக்காகக் காட்டுப்பள்ளிக் குப்பம் இடம்பெயர்க்கப்பட்டது. 2010-இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. அடுத்து வந்த துறைமுகம் 2018-இல் அதானி குழுமத்திடம் கைமாறியது. ஆண்டுக்கு 24.65 மில்லியன் டன் சரக்கு கையாளும் திறனை 320 மில்லியன் டன்னாக உயர்த்த, 6,110 ஏக்கர் பரப்பில் விரிவாக்கத் திட்டம் முன்வைக்கப்பட்டது. 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவிக்கப்பட்ட கருத்துக்கேட்புக் கூட்டங்கள் ஒத்திவைக்கப்பட்டன. அந்த 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவி, வலையும் படகும் கருத்தன.

இந்தக் கழிமுகத்தில் கலக்கும் கொசஸ்தலையாற்றின் மேல்பகுதியில்தான் அதிரம்பாக்கம் இருக்கிறது. 1863-இல் இராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே கண்டெடுத்த கற்கருவிகள் உலகத் தொல்லியலில் இடம்பெற்றன. அவருடைய சேகரிப்பு எழும்பூரில் இருக்கிறது. ஆற்றின் மேல்பகுதியில் லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவரின் கைக்கோடரிக்குக் கண்ணாடிப் பேழை உண்டு. அதே ஆற்றின் கழிமுகத்தில், இடுப்பளவு நீரில் அமர்ந்து, பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, வெறுங்கையால் இறால் தடவும் இருளர் பெண்ணின் பறிக்கு இடமில்லை. உப்பளத்தில் வரப்பு மிதித்தவரின் பலகைக்கும் இடமில்லை. மூழ்கிய பாடுகளின் பெயர்கள் கிழவர்களோடு போய்க்கொண்டிருக்கின்றன. அந்தப் பகுதிக்கு மக்களின் அருங்காட்சியகம் ஒன்று வேண்டும் என்று நாம் கேட்பது அதனால்தான்.

கேட்டதும் முதலில் வரும் பதில், 'கம்பெனிகளிடம் கேளுங்கள்' என்பது. அதற்குச் சட்டத்தில் வழியும் இருக்கிறது. 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய நிறுவனங்கள் கடந்த 3 ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. கலை, பண்பாடு, மரபுப் பாதுகாப்பும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் ஊர் எப்படிப் பெயர்ந்தது என்று சொல்ல வேண்டிய சுவரில், ஊரைப் பெயர்த்த திட்டங்களின் பெயர்ப்பலகையே நன்றிக்குரியதாகத் தொங்கினால், அந்தச் சுவர் என்ன பேசும்? மீன்பிடித் தொழிலின் 'பாரம்பரியம்' பேசும். வலை, படகு, நாட்டுப்புறப் பாட்டு எல்லாம் இருக்கும். ஆறு ஏன் செத்தது என்பது இருக்காது. உலகம் இதைக் கற்றுக்கொண்டுவிட்டது. இலண்டன் டேட் காட்சியகம் பிபி எண்ணெய் நிறுவனத்துடனான புரவலர் உறவு 2017-இல் முடிந்தது. கலைஞர்களும் செயற்பாட்டாளர்களும் ஆண்டுக்கணக்கில் போராடியிருந்தார்கள். வலிநிவாரணி மாத்திரை வியாபாரத்தில் சிக்கிய சாக்லர் குடும்பத்தின் பெயரை 2019-இல் பாரிஸ் லூவரும் 2021-இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமும் சுவரிலிருந்து நீக்கின. பெயரைப் பொறிப்பது ஒரு நாள் வேலை. அதை அழிக்கப் பல ஆண்டுப் போராட்டம் தேவைப்பட்டது.

மறுவழியும் உலகில் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் 'டிஸ்டிரிக்ட் சிக்ஸ்' பகுதி 1966-இல் வெள்ளையர் பகுதியாக அறிவிக்கப்பட்டு, 60,000-க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டார்கள். 1994-இல் அங்கே ஒரு பழைய தேவாலயத்தில் அருங்காட்சியகம் திறந்தார்கள். தரையில் விரித்த வரைபடத்தில், வெளியேற்றப்பட்டவர்களே வந்து தங்கள் வீடு இருந்த இடத்தில் பெயர் எழுதினார்கள். இடிப்பு வேலையில் இருந்த ஒருவர் பத்திரப்படுத்தியிருந்த தெருப் பெயர்ப்பலகைகள் அங்கே தொங்குகின்றன. வாஷிங்டனில் 2016-இல் திறந்த ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்துக்கு 54 கோடி டாலர் செலவானது. பாதி அரசுப் பணம். மீதிக்குப் பெரும் புரவலர்கள் வந்தார்கள். கூடவே, 25 டாலர் முதல் கொடுத்து, கட்டடம் எழும் முன்பே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் உறுப்பினர் ஆனார்கள். குடும்பங்கள் பெட்டியில் வைத்திருந்த பொருட்களைக் கொண்டுவரச் சொல்லி ஊர் ஊராக முகாம் நடத்தினார்கள். பெரும் பணம் வந்தபோது, அதற்கு எதிரே பதில் கேட்க ஒரு லட்சம் பேர் இருந்தார்கள்.

அப்படியானால் காட்டுப்பள்ளிக்கு நாம் என்ன செய்யலாம்? சில விதிகளை இப்போதே பேசி முடிவு செய்வது நல்லது.

முதலாவது, உறுப்பினர் பட்டியல் ஊரின் தலைக்கட்டுப் பட்டியலைப் பார்த்து எழுதப்படக் கூடாது. இதை நம் பக்கத்து மக்களிடமும் மனம் திறந்து பேச வேண்டும். பழவேற்காட்டுப் பக்கத்தில், முறை வைத்து நீரில் இறங்கும் பாடு முறை உண்டு. அழகான ஏற்பாடு என்று எழுதுகிறார்கள்; ஒரு வகையில் உண்மைதான். ஆனால் தலித்துகளுக்கும் இருளர்களுக்கும் அதில் பங்கு மறுக்கப்பட்டதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். துறைமுகத்துக்கு எதிரே மீனவரும் தலித்தும் இருளரும் ஒரே வரிசையில் நிற்கிற இன்று, அந்தப் பழைய கணக்கை அருங்காட்சியகத்துக்குள் கொண்டுவர முடியாது. உறுப்பினர் என்பது ஆள், வீடு அல்ல. கைம்பெண்ணுக்கும் மணமாகாத பெண்ணுக்கும் முழுச் சந்தா, முழு வாக்கு.

இரண்டாவது, அறக்கட்டளையாகப் பதிவு செய்தால் அறங்காவலர் சிலரின் கையில் எல்லாம் போகும். 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி சங்கமாகப் பதிந்தால், ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டிக் கணக்கு வைக்க வேண்டும். பொதுக்குழுவில் சண்டை வரும், வரட்டும். நமக்குச் சண்டை போட ஓர் இடம் கிடைப்பதே பெரிது.

மூன்றாவது, சந்தா மாதம் பத்து ரூபாயைத் தாண்டக் கூடாது. ஆயுள் சந்தா வாங்கினால் அதை வங்கியில் மூலநிதியாகப் போட்டு, வட்டியை மட்டுமே செலவு செய்ய வேண்டும். ஆயுள் சந்தாவை அந்த வருடமே மின்கட்டணத்துக்குச் செலவழித்துவிட்டு, நாற்பது வருடம் இதழும் அழைப்பிதழும் அனுப்பத் திணறிய சங்கங்களை நாம் அறிவோம்.

நான்காவது, பொருளைக் கொடுப்பவரும் உறுப்பினரே. ஒரு பறி, ஒரு துடுப்பு, ஓர் இடப்பெயர்வு நோட்டீஸ், ஒரு மணி நேர வாய்மொழி வரலாறு, எல்லாம் சந்தாதான். பொருளைத் தானமாக எழுதி வாங்க வேண்டாம், இரவலாக வாங்குவோம். கேட்டால் திருப்பித் தருவோம்.

ஐந்தாவது, புரவலர் வரட்டும். ஆண்டுச் செலவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எவரிடமும் வாங்குவதில்லை. புரவலருக்குத் தனி வாக்கு இல்லை. அறைக்குப் பெயர் இல்லை. அருங்காட்சியகம் பேசவேண்டிய துயரத்தில் பங்குள்ள நிறுவனத்தின் பணம் வேண்டாம். சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கும் நம் பிள்ளைகள் இந்தியக் குடியுரிமையோடு இருந்தால் அவர்கள் தருவது அயல்நாட்டு நிதியாகாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவரிடம் வாங்க, 2010-ஆம் ஆண்டு அயல்நாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவு வேண்டும். இதில் கவனம் தவறினால் அருங்காட்சியகத்தைப் பூட்ட ஒரு காகிதம் போதும்.

அரசை விட்டுவிடலாமா என்றால், இல்லை. நிலமும் கட்டடமும் அரசின் கடமை. அதைக் கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் அரசு தரும் நாள்வரை காத்திருக்கப் பொருட்களால் முடியாது. உப்புக்காற்றில் ஓலைப் பறி ஒரு மழைக்காலம் தாங்குமா என்பதே சந்தேகம்.

நம்மிடம் வரி வாங்க மறுத்த ஊரில், நாமே சந்தா வைத்து, எல்லோரிடமும் வாங்கி, எல்லோருக்கும் வாக்குக் கொடுக்கும் ஓர் இடம் உருவாகுமானால், உள்ளே ஒரு பொருள்கூட வைப்பதற்கு முன்பே அது ஒரு வரலாற்றைச் செய்துவிடும். ரசீதுப் புத்தகம் வாசலில் இருக்கிறது. பத்து ரூபாயோடு பெயரையும் எழுதுங்கள். சாதிப் பெயர் வேண்டாம், ஊர்ப்பெயர் போதும். இருந்த ஊரின் பெயர்.