கடன் அறிக்கை நம் கைக்கு வந்த கதை

மாதுங்காவில் வீட்டுக் கடனுக்கு மனுப் போடுபவரிடமும், தாராவியில் தையல் மெஷின் வாங்கக் கடன் கேட்பவரிடமும் வங்கியில் முதலில் கேட்பது ஒன்றுதான்: "சிபில் எவ்வளவு?" அந்த மதிப்பெண்ணை (ஸ்கோர்) போடும் சிபில் கம்பெனி மாதுங்கா ரோடிலிருந்து இரண்டாவது ஸ்டேஷனில், பிரபாதேவியில் இருக்கிறது. ஜூபிடர் மில் ஓடிய இடத்தில் எழுந்த கண்ணாடிக் கட்டடம். நாம் வாங்கிய கடன், கட்டிய தவணை, தவறிய மாதம் எல்லாம் அதன் ஏட்டில் பதிவாகியிருக்கின்றன. அந்த ஏட்டை நாமும் பார்க்கலாம் என்பது சும்மா கிடைத்துவிடவில்லை.

தொண்ணூறுகளில் இந்திய வங்கிகள் வாராக்கடனில் மூழ்கிக் கிடந்தன. 1997 மார்ச்சில் கொடுத்த கடனில் நூற்றுக்குப் பதினைந்து ரூபாய்க்கு மேல் வாராக்கடன். ஒரு வங்கியில் கட்டாமல் விட்டவர் அடுத்த தெரு வங்கியில் புதுக் கடன் வாங்கிவிடுவார். ஒரு வங்கியின் கணக்கு இன்னொரு வங்கிக்குத் தெரியாது. இதற்கு வழி தேட ரிசர்வ் வங்கி என்.எச். சித்திக்கி தலைமையில் ஒரு குழு அமைத்தது. குழு 1999இல் அறிக்கை தந்தது. அதையொட்டி 2000 ஆகஸ்டில் மும்பையில் சிபில் கம்பெனி பதிவானது. ஸ்டேட் வங்கிக்கும் எச்.டி.எஃப்.சி.க்கும் தலா 40 சதவீதப் பங்கு. டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட், டிரான்ஸ்யூனியன் என்ற வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குத் தலா 10 சதவீதம்.

கம்பெனி பிறந்தும் உடனே வேலை நடக்கவில்லை. வாடிக்கையாளர் கணக்கை வெளியே சொல்வது வங்கித் தொழிலின் ரகசியக் காப்புக்கு விரோதம். ஆகவே கடன் வாங்குபவரிடம் சம்மதக் கையெழுத்து வாங்குங்கள் என்று 2002இல் ரிசர்வ் வங்கி சொன்னது. கடன் படிவத்தின் பொடி எழுத்தில் நாம் படிக்காமல் கையெழுத்திட்டோமே, அதுதான். 2004 ஏப்ரலில் தனிநபர் கடன் விவரம் வங்கிகளுக்குப் போக ஆரம்பித்தது. வங்கி பார்த்தது, யாரைப் பற்றிய ஏடோ அவர் பார்க்கவில்லை.

அமெரிக்காவில் இதே குறை நெடுநாள் நீடித்தது. 1899இல் அட்லாண்டாவில் தொடங்கிய ரீடெயில் கிரெடிட் கம்பெனி (இன்றைய ஈக்விஃபாக்ஸ்) கடன் கணக்கோடு நிற்காமல், அக்கம்பக்கத்தில் விசாரித்து ஒருவரின் குடிப்பழக்கம், குடும்பச் சங்கதி வரை எழுதிவைத்தது. சம்பந்தப்பட்டவருக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமையைக் கூட்டாட்சிச் சட்டம் கொடுத்தது 1970இல்தான். நம் நாடு அவ்வளவு தாமதிக்கவில்லை. 2005இல் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டம் நிறைவேறி, 2006 டிசம்பர் 14 முதல் அமலுக்கு வந்தது. அதன் 21ஆம் பிரிவு கடன் கேட்பவர் தன் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கலாம், தவறிருந்தால் திருத்தக் கோரலாம், 30 நாளில் திருத்த வேண்டும் என்கிறது. அந்தச் சட்டத்தில் எளியவருக்கான பிரிவு என்று எதையாவது சொல்வதானால் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் நகலுக்குக் காசு கட்ட வேண்டியிருந்தது. தினக்கூலிக்காரர் அதற்கு எங்கே போவார்? ரிசர்வ் வங்கி அமைத்த ஆதித்ய பூரி தலைமையிலான குழு 2014இல் வருடத்துக்கு ஒரு அறிக்கை இலவசமாகத் தரலாம் என்றது. 2016 செப்டம்பர் 1 அன்று, ரகுராம் ராஜன் ஆளுநர் பதவியிலிருந்து இறங்க மூன்று நாள் இருக்கையில், ரிசர்வ் வங்கி அதை உத்தரவாக்கியது. 2017 ஜனவரியிலிருந்து சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களுமே ஸ்கோருடன் கூடிய முழு அறிக்கையை வருடத்துக்கு ஒருமுறை இலவசமாகத் தர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒன்றாக வாங்கினால் வருடம் முழுக்க ஒரு கண் வைத்திருக்கலாம். நம் அறிக்கையை நாமே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. இந்த வீண் பயத்தால் பார்க்காமலே இருப்பவர்கள் நம்மில் நிறைய.

மும்பைத் தமிழர் இதைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும் என்பேன். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இங்கே ஒவ்வொரு படிவமும் சர்நேம் கேட்கும். முருகன் ஒரு இடத்தில் எஸ். முருகன், இன்னொன்றில் முருகன் சுப்பையா, பான் கார்டில் சுப்பையா முருகன். போதாததற்கு ஒரே சாலில் இன்னொரு முருகன். பெயர், பிறந்த தேதி, பான், முகவரி, போன் நம்பர் இவற்றை ஒட்டவைத்துத்தான் கடன் யாருடையது என்று கணினி முடிவு செய்கிறது. ஒட்டு பிசகினால் அடுத்தவர் கடன் நம் தலையில்.

அறிக்கையைத் திறந்தால் முதலில் ஸ்கோரைத்தான் கண் தேடும், 300லிருந்து 900க்குள். அதை விட்டுவிட்டுக் கீழே போங்கள். ஒவ்வொரு கடனுக்கும் அடியில் மாதவாரியாகக் கட்டங்கள் ஓடும். 000 என்றால் அந்த மாதம் பாக்கி இல்லை. 030 என்றால் முப்பது நாள் பாக்கி. தெரியாத கடன் இருக்கிறதா, கட்டி முடித்தது இன்னும் நடப்பில் காட்டுகிறதா என்று பாருங்கள். 'செட்டில்டு' என்ற சொல்லைக் குறிப்பாகப் பாருங்கள். பேசிக் குறைத்துக் கட்டியதைத்தான் அது குறிக்கும். கடன் தீர்ந்தது என்று நாம் நிம்மதியாக இருப்போம், அடுத்த வங்கி அதைக் குறையாகவே எடுத்துக்கொள்ளும். அறிக்கையின் கடைசியில் யார் யார் நம் விவரத்தைக் கேட்டார்கள் என்ற பட்டியல் இருக்கும். நாம் போகாத கம்பெனியின் பெயர் அதில் இருந்தால் உடனே விசாரிக்க வேண்டும். நண்பருக்கு ஜாமீன் போட்ட கடனும் நம் அறிக்கையில் வரும். நம்மவர் உறவுக்கும் ஊருக்கும் தயங்காமல் கையெழுத்துப் போடுபவர்கள் என்பதால் சொல்கிறேன்.

தவறு கண்டால் புகார் கொடுக்கலாம், செலவில்லை. 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு என்று 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி விதித்தது. 2024 ஏப்ரல் முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதற்கும் அசையாவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448 என்ற எண்ணில் கூப்பிட்டால் தமிழிலேயே பேசலாம்.