ஓரத்தில் ஒரு வரலாறு



பெருநாளைக்கு வாங்கிய பிள்ளைகளின் பெனியன் துணிக் கவுணை எடுத்துப் பாருங்கள். சிலவற்றின் கீழ் ஓரம் சலாது இலை போல நெளிநெளியாக இருக்கும். ஓவர்லொக் மெஷினில் போட்ட ஓரம் அது. அந்த மெஷினுக்கு ஒரு வரலாறு உண்டு.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் மெரோ குடும்பத்தினர் வெடிமருந்து ஆலை நடத்தினார்கள். அது வெடித்து அழிந்தபின் 1838இல் பின்னலாடை ஆலை தொடங்கினார்கள். பின்னல் துணியில் ஒரு தொல்லை. வெட்டிய ஓரம் சுருளும், இழை கழரும். நேர்தையல் போட்டால் துணி இழுபடும்போது நூல் அறுந்துவிடும். குரோஷே ஊசியால் கையாலே ஓரம் கட்டினால் அழகாக இருக்கும், ஆனால் நேரம் பிடிக்கும். அந்தக் கைவேலையைச் செய்யும் மெஷினை ஜோசப் மெரோ உருவாக்கினார். 1877இல் காப்புரிமை கிடைத்தது. அதன் வழியில் 1881இல் ஓவர்லொக் பிறந்தது. கத்தி ஓரத்தை வெட்டிக்கொண்டு போக, ஊசியும் லூப்பர்களும் உடனே நூலால் சுற்றிக் கட்டிவிடும். சாரணர் சின்னங்களைச் சுற்றியுள்ள தடித்த ஓரத்துக்கு இன்றும் மெரோவின் பெயர்தான்.

நெளிவு எப்படி வருகிறது? இன்றைய ஓவர்லொக்கில் துணியை நகர்த்தும் பற்கள் முன்னும் பின்னுமாக இரண்டு. முன்பல்லின் ஓட்டத்தைக் குறைத்தால் துணி இழுபட்டுப் போகும். தையலையும் நெருக்கிவிட்டால், இழுபட்ட ஓரம் நிறைய நூலைச் சுமந்துகொண்டு பழைய நீளத்துக்குத் திரும்ப முடியாமல் அலையாகிவிடும். நேரான ஓரம் தைப்பவருக்கு இது பிழை. அந்தப் பிழையையே அழகாக்கியவர் ஸ்டீபன் பர்ரோஸ் என்ற கறுப்பின அமெரிக்க வடிவமைப்பாளர். 1970களின் தொடக்கத்தில் ஜெர்சித் துணியை இழுத்துப் பிடித்து ஸிக்ஸாக் தையல் போட்டே இந்த நெளிவைக் கொண்டுவந்தார். 1973இல் பிரான்சின் வெர்சாய் மாளிகையில் நடந்த புகழ்பெற்ற ஆடைக் காட்சியில் பங்கேற்ற ஐந்து அமெரிக்கர்களில் அவரும் ஒருவர். சலாது இலையின் பெயரே அந்த ஓரத்துக்கு நிலைத்தது.

1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது. கார்மண்ட் தொழில் வளர வளர ஓவர்லொக் பழகிய கைகளும் நம் நாட்டில் பெருகின. இன்று எத்தனையோ வீடுகளின் முன் விறாந்தையில் அந்தச் சத்தம் கேட்கிறது.

இதை நான் எழுதக் காரணம் உண்டு. பாடசாலைப் படிவத்தில் "தாயின் தொழில்" என்ற இடத்தில் சில பிள்ளைகள் "இல்லை" என்று எழுதுகிறார்கள். விசாரித்தால், "உம்மா சும்மா வீட்டில தைக்கிறா சேர்" என்பார்கள். துணியின் இழுவையை விரலால் அறிந்து, நூலின் இறுக்கத்தைக் காதால் அறிந்து, இரவு பன்னிரண்டு மணிவரை தைப்பவர் சும்மா இருப்பவரா? பெண்கள் கையால் பின்னிய ஓரத்தைப் பார்த்துத்தான் மெஷினே அந்த வேலையைப் படித்தது.

அடுத்த முறை படிவம் வந்தால் அந்த இடத்தில் "தையற்கலைஞர்" என்று எழுதச் சொல்லிக் கொடுங்கள்.