சர்ஜனை நிறுக்கும் தராசு

நம் ஊரில் ஒரு டாக்டரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல அரை நிமிஷம் போதும். நோயாளி எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டால், "கைராசிக்காரர், ஸார்!" என்கிறோம். வராவிட்டால், "படிப்பெல்லாம் சரிதான், கைராசி போதாது" என்கிறோம். அத்துடன் வழக்கு முடிந்தது. மேல் கோர்ட்டுக்கு அப்பீல் கிடையாது. படிப்பு, பழக்கம், கவனம், நேர்மை, நோயாளியின் உடல்நிலை, தற்செயல் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, மேலே 'ராசி' என்று சீட்டு ஒட்டிவிடுகிறோம்.

இந்த வழக்கம் நமக்கு மட்டும் உரியதல்ல. சுமார் 3,750 வருஷங்களுக்கு முன் பாபிலோனை ஆண்ட ஹம்முராபி தன் சட்டங்களைக் கருங்கல்லில் பொறித்து வைத்தான். அந்தக் கல் 1901ல் பாரசீகத்தில் ஸூஸா என்ற இடத்தில் அகப்பட்டது. பாரிஸில் லூவர் காட்சிசாலையில் இருக்கிறது. வெண்கலக் கத்தியால் அறுத்து ஒரு பெரிய மனிதனைப் பிழைக்க வைத்தால் வைத்தியனுக்குப் பத்து ஷெக்கல் வெள்ளி. அந்தப் பெரிய மனிதன் செத்துப் போனால் வைத்தியனின் கையை வெட்டிவிட வேண்டும். செத்தவன் அடிமையானால் வேறு ஓர் அடிமையைக் கொடுத்தால் போதும்!

கொடுமை ஒரு புறம் இருக்கட்டும். அந்தச் சட்டத்தில் என்னை உறுத்துவது அதன் சோம்பேறித்தனம். வைத்தியன் என்ன செய்தான், எதைப் பார்க்கத் தவறினான், அறுத்த பிறகு எத்தனை தடவை வந்து நாடி பிடித்தான் என்ற கேள்வியே அதில் இல்லை. பிழைத்தானா, செத்தானா? அவ்வளவுதான். நம்முடைய 'கைராசி'யும் ஹம்முராபியின் தராசுதான். கத்தியை மட்டும் நாம் உறையில் போட்டுவிட்டோம்.

இந்தத் தராசு எவ்வளவு போதாதது என்பதைக் காட்ட, உடல் பருமனைக் குறைப்பதற்கான ரணசிகிச்சையைப் போல் வேறு உதாரணம் கிடைப்பது அரிது. குடல்வால் வெடித்தவனை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அவனுக்கு யோசிக்க நேரம் இல்லை. பருத்த உடம்புக்காரரோ தம் காலாலேயே நடந்து வந்து, நாள் பார்த்து, கையெழுத்துப் போட்டு, மேஜையில் படுக்கிறார். அப்படி நடந்து வந்தவர் திரும்பி நடந்து போகாவிட்டால் குடும்பத்தார் கேட்கும் கேள்விக்கு மற்ற எல்லாக் கேள்விகளையும்விடக் கூர்மை அதிகம்.

இதன் சரித்திரம் அமெரிக்காவில் மின்னஸோட்டாவில் தொடங்குகிறது என்று சொல்லலாம். க்ரெமென், லின்னர், நெல்ஸன் என்ற மூவர் 1954ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். சிறுகுடல்தான் உணவின் சத்தை உறிஞ்சுகிறது. அதில் பெரும் பகுதியை உணவின் பாதையிலிருந்து ஒதுக்கிவிட்டால், சாப்பிட்டாலும் சதை போடாது அல்லவா? அதுதான் யோசனை. 1956 முதல் லாஸ் ஏஞ்சலிஸில் பெய்ன், டிவிண்ட் என்ற இருவர் ஒரு படி மேலே போய், சிறுகுடலின் மேல் பகுதியைப் பெருங்குடலோடு நேரே இணைத்துப் பார்த்தார்கள். எடை குறைந்தது, கூடவே அடக்க முடியாத பேதியும் வந்தது. அதைக் கைவிட்டு, 1969ல் ஒரு கணக்குச் சொன்னார்கள்: மேல் சிறுகுடலில் 14 அங்குலம், கீழ்ச் சிறுகுடலில் 4 அங்குலம். மனிதனுடைய சிறுகுடல் சுமார் இருபது அடி நீளம். அதில் ஒன்றரை அடியை மட்டும் வேலையில் வைத்துக்கொண்டு மீதிக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள்!

ஆயிரக்கணக்கானவர்கள் இதைச் செய்துகொண்டார்கள். உடம்பு மளமளவென்று இளைத்தது. மாலை போட்டுக் கொண்டாடாத குறைதான். 'கைராசி'த் தராசில் நிறுத்தால் அந்த சர்ஜன்கள் எல்லோரும் முதல் தரம். ஆனால் மாதங்களும் வருஷங்களும் போகப் போக வேறு கதை தெரிய வந்தது. சிலருக்குக் கல்லீரல் கெட்டது. சிலருக்குச் சிறுநீரகத்தில் கல் விழுந்தது. மூட்டுகள் வீங்கின, சத்துக்குறைவால் எலும்பு நலிந்தது. உயிர் போனவர்களும் உண்டு. மறுபடி வயிற்றைத் திறந்து குடலைப் பழையபடி சேர்க்க வேண்டியிருந்தவர்கள் பலர். 1980ஐ ஒட்டி அந்த சிகிச்சை வழக்கொழிந்தது.

இங்கே முதல் பாடம் இருக்கிறது. வெட்டித் தைத்து ஆஸ்பத்திரியை விட்டு அனுப்பிய நாளோடு கணக்கை மூடுகிற சர்ஜன் தம் வேலையின் பலனைத் தாமே அறியமாட்டார். கூடவே நடந்து பார்த்தவருக்குத்தான் அது தெரியும்.

அப்படிக் கூடவே நடந்தவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் எட்வர்டு மேஸன். அயோவா சர்வகலாசாலையில் ஆசிரியர். வயிற்றுப் புண்ணுக்காக இரைப்பையில் ஒரு பகுதியை எடுத்தவர்கள் அப்புறம் சதை போடுவது கஷ்டம் என்பதை அவர் கவனித்திருந்தார். 1966ல் அவரும் இடோ என்ற துணைவரும் இரைப்பையின் மேல் பகுதியில் ஒரு சிறு பையை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலோடு இணைத்தார்கள். இன்று உலகம் எங்கும் செய்கிற இரைப்பை மாற்றுப்பாதை சிகிச்சைக்கு அதுவே மூதாதை. ஆனால் மேஸனை நான் மெச்சுவது அந்தக் கண்டுபிடிப்புக்காக அல்ல. 1986ல் அவர் ஒரு பதிவேட்டை ஏற்படுத்தினார். பல ஊர் சர்ஜன்கள் தங்கள் நோயாளிகளின் பிற்கால நிலையை அதில் எழுதி வரவேண்டும். 1980ல் அவரே வகுத்த இன்னொரு முறை, இரைப்பையைக் குறுக்கிப் பட்டை கட்டும் முறை, நாளடைவில் செல்வாக்கு இழந்தது. இளைத்தவர்களில் பலர் மறுபடி பருத்தார்கள் என்று கணக்குகள் காட்டின. தம் குழந்தையே பரீட்சையில் தவறியதைத் தம் கையால் மார்க்குப் போட்டுக் காட்டும் வாத்தியாரைப் போன்றவர் அவர். 1920ல் பிறந்து, நூறு வயது வாழ்ந்து, 2020ல் காலமானார்.

இனி, விஷயத்தின் மையத்துக்கு வருவோம். எவ்வளவு கைதேர்ந்த சர்ஜன் தைத்தாலும், நூற்றில் சிலருக்குச் சிக்கல் வந்தே தீரும். 2009ல் வெளியான, அமெரிக்காவில் பல பெரிய ஆஸ்பத்திரிகளைச் சேர்த்து 4,776 நோயாளிகளைக் கவனித்த ஆராய்ச்சியில், முப்பது நாட்களுக்குள் இறந்தவர்கள் ஆயிரத்துக்கு மூவர். கடும் சிக்கலுக்கு ஆளானவர்கள் நூற்றுக்கு நாலு பேருக்குச் சற்று அதிகம். இந்தச் சிக்கல்களில் பயங்கரமான ஒன்று தையல் விட்டுக் கசிவது. இரைப்பையில் உள்ளது வயிற்றுக்குள் கசிந்தால் சீழ் பிடித்து, இரத்தமே நஞ்சாகிவிடும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. மெலிந்த மனிதனுக்கு இப்படி நேர்ந்தால் வயிறு பலகையாய் இறுகும், தொட்டாலே அலறுவான். பருத்த உடம்பில் அந்த அடையாளங்கள் பல சமயம் சதைக்குள்ளேயே ஒளிந்துகொள்கின்றன. ஜுரம்கூடக் காயாமல் இருக்கலாம். நாடிதான் பல சமயம் உண்மையைச் சொல்லும். சாதாரணமாக 80 தடவை துடிப்பது 120ஐத் தாண்டி இறங்காமலே நின்றால், அது அபாயச் சங்கு. "நெஞ்சு படபடக்கிறது, ஏதோ சரியில்லை" என்று நோயாளி சொல்லும்போது, "வெறும் வாயு, பயப்படாதீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போகிற டாக்டரும் உண்டு; அந்த ராத்திரியே படமெடுத்துப் பார்த்து, சந்தேகம் தீராவிட்டால் மறுபடி வயிற்றைத் திறக்கிற டாக்டரும் உண்டு. இருவர் கையிலும் தையல் விட்டது ஒன்றேதான். ஒருவர் கையில் நோயாளி பிழைக்கிறார்; மற்றவர் கையில் போய்விடுகிறார்.

அப்படியானால் எதை நிறுக்க வேண்டும்? தையல் விட்டதையா, அன்று இரவு நாடியைப் பார்த்தவர் என்ன செய்தார் என்பதையா?

இந்தக் கேள்வியை நூறு வருஷங்களுக்கு முன்பே உரக்கக் கேட்டு, அதற்காக ஊரையெல்லாம் பகைத்துக்கொண்டவர் பாஸ்டன் நகரத்து எர்னெஸ்ட் காட்மன். 1869ல் பிறந்தவர், பெயர் பெற்ற மாஸச்சூஸெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில் சர்ஜன். அவர் சொன்னது மிகச் சாதாரணமான விஷயம். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு சீட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருஷம் கழித்து அவர் எப்படி இருக்கிறார் என்று விசாரித்து எழுதுங்கள். நன்றாக இல்லையென்றால் ஏன் என்று எழுதுங்கள். மளிகைக் கடைக்காரர்கூட வருஷ முடிவில் லாப நஷ்டம் பார்க்கிறாரே, ஆஸ்பத்திரி பார்க்க வேண்டாமா?

காரியம் நடக்கவில்லை. அனுபவ மூப்புப்படி பதவி தரும் வழக்கத்தை எதிர்த்து 1914ல் அவர் அந்த ஆஸ்பத்திரியை விட்டு விலகினார். அதற்கு முன்பே, 1911ல், சொந்தமாக ஒரு சிறு ஆஸ்பத்திரி தொடங்கியிருந்தார். 1916 வரை அங்கிருந்து வீடு திரும்பிய 337 நோயாளிகளின் விவரங்களை அவர் அச்சிட்டு வெளியிட்டார். அவர்களுடைய சிகிச்சையில் 123 பிழைகள் நேர்ந்ததாகத் தாமே கணக்குக் காட்டினார்! பிழைகளை வகை பிரித்தும் வைத்தார்: அறிவோ திறமையோ போதாமை, தீர்மானத்தில் தவறு, கவனிப்பிலோ சாதனங்களிலோ குறை, நோயைக் கண்டுகொள்ளாமை. இவற்றுக்கு அப்பால், மனித முயற்சிக்கு அடங்காத விபத்துக்களுக்கு ஒரு தனிக் கட்டம்.

அந்தத் தனிக் கட்டத்தை நான் மிகவும் மதிக்கிறேன். விதி என்பது உண்டு என்று அது ஒப்புக்கொள்கிறது. ஆனால் எல்லாவற்றையும் விதியின் தலையில் போட இடம் கொடுக்க மறுக்கிறது.

1915 ஜனவரியில் பாஸ்டனில் நடந்த டாக்டர்கள் கூட்டத்தில் காட்மன் ஒரு பெரிய கேலிச் சித்திரத்தைத் திரை நீக்கிக் காட்டினார். நகரத்துப் பணக்காரர்களை ஒரு தீக்கோழியாக வரைந்திருந்தார். அது தலையை மணலில் புதைத்துக்கொண்டு, காலால் டாக்டர்களுக்குப் பொன் முட்டைகளை உதைத்துத் தள்ளுகிறது. கூட்டத்தில் ஒரே அமளி. சங்கத்தின் ரணசிகிச்சைப் பிரிவுத் தலைமையை அவர் இழந்தார்.

அவருடைய யோசனையை எடுத்துக்கொண்ட அமெரிக்க சர்ஜன்கள் கல்லூரி, நூறு படுக்கைகளுக்கு மேற்பட்ட 692 ஆஸ்பத்திரிகளைப் பரிசோதித்தது. குறைந்தபட்ச நிலையை எட்டியவை 89தான். பெயர் பெற்ற பல ஆஸ்பத்திரிகள் தவறிவிட்டன. 1919ல் நியூயார்க்கில் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் கூடியபோது, பத்திரிகைக்காரர்கள் கையில் சிக்கிவிடப்போகிறதே என்று அந்தப் பெயர்ப் பட்டியலை நெருப்பில் போட்டுவிட்டார்கள். பாவம், மார்க்குப் பட்டியலை அடுப்பில் போடுவது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மட்டும் தெரிந்த வித்தை என்று நினைத்துக் கொண்டிருந்தேன்!

எரிந்த பட்டியலின் சாம்பலிலிருந்து உண்மை மெல்ல மெல்லத்தான் எழுந்தது. 2009ல் வெளியான ஓர் ஆராய்ச்சி, பல வகை ரணசிகிச்சைகளுக்கு உள்ளான 84,730 நோயாளிகளின் கணக்கை அலசியது. மரணம் மிகக் குறைவான ஆஸ்பத்திரிகளுக்கும் மிக அதிகமானவற்றுக்கும் சிக்கல்களின் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை, நூற்றுக்கு 24.6, 26.9. ஆனால் பெருஞ்சிக்கல் வந்தவர்களில் இறந்தவர்கள் ஒரு பக்கம் நூற்றுக்கு 12.5, மறு பக்கம் 21.4. சிக்கல் வருவதில் இருவரும் ஏறக்குறைய சமம். வந்த பிறகு காப்பாற்றுவதில்தான் ஏற்றத்தாழ்வு.

அப்படியானால் சர்ஜனின் கைக்கு வேலையே இல்லையா? உண்டு. 2013ல் வெளியான ஓர் ஆராய்ச்சிக்காக மிச்சிகன் மாகாணத்தில் உடல் பருமன் சிகிச்சை செய்யும் இருபது சர்ஜன்கள், தாங்கள் அறுப்பதைப் படம் பிடித்துக் கொடுக்கச் சம்மதித்தார்கள். யாருடைய கை என்று தெரியாமலே சக சர்ஜன்கள் மார்க்குப் போட்டார்கள். பிறகு அதை அவர்களுடைய நோயாளிகளின் கணக்கோடு ஒப்பிட்டார்கள். கடைசிக் கால் பங்கில் வந்தவர்களிடம் நூற்றுக்கு 14.5 பேருக்குச் சிக்கல். முதல் கால் பங்கினரிடம் 5.2 பேருக்குத்தான். 'கைராசி' என்று நாம் சொன்னதில் ஒரு பாதி கைத்திறமை என்று ருசுவாயிற்று. திறமையானால் கற்கலாம், கற்பிக்கலாம். ராசியைக் கற்பிக்க முடியுமா?

ஆகவே, உறவினர் யாருக்காவது இப்படிச் சிக்கல் வந்துவிட்டால், கோபத்தோடு சர்ஜனை நிறுப்பதற்கு முன் என் தராசில் சில கேள்விகளைப் போடுகிறேன். இப்படி நேரலாம் என்று அவர் முன்னமே சொன்னாரா? இதைப் போல் எத்தனை செய்திருக்கிறார், அவற்றின் முடிவு என்ன என்று கேட்டால் பதில் சொல்கிறாரா? நாடி ஏறியபோது யார் வந்தார்கள், எத்தனை நாழிகையில் வந்தார்கள்? நேர்ந்ததை ஒளிக்காமல் சொன்னாரா? ஒரு வருஷம் கழித்தும் நோயாளியின் பெயர் அவருக்கு நினைவிருக்கிறதா?

இத்தனைக்கும் சரியான பதில் தருகிற ஒரு டாக்டரின் கையில் நோயாளி இறந்தும் போகலாம். அவரைக் குற்றவாளி என்று சொல்ல எனக்கு நா எழாது. ஒன்றுக்கும் பதில் சொல்லாதவர் கையில் நோயாளி பிழைத்தும் வரலாம். அவரைக் கைராசிக்காரர் என்று நான் புகழமாட்டேன். பிழைத்தவரின் ராசி என்றுதான் சொல்லுவேன்.

காட்மன் 1940ல் இறந்தார். பாஸ்டனை அடுத்த கேம்பிரிட்ஜில் உள்ள மவுண்ட் ஆபர்ன் மயானத்தில் அவர் அடங்கிய இடத்தில் 2014 வரை ஒரு கல்கூட இல்லை. அந்த வருஷம்தான் டாக்டர்கள் சேர்ந்து பெயர் பொறித்த கல்லை நாட்டினார்கள். ஹம்முராபியின் கல் முதலிலேயே நாட்டப்பட்டுவிட்டது. கணக்குக் கேட்டவருக்குக் கல் கிடைக்க எழுபத்து நாலு வருஷம் ஆயிற்று. பரவாயில்லை. அவர் வைத்த சீட்டுக்கள் கல்லைவிட அதிக நாள் பேசும்.