கட்டையும் வேகமும்

ஆடி பிறந்துவிட்டால் ஊத்துக்கோட்டை வட்டத்துப் பெரியபாளையத்தில் பம்பைச் சத்தம் ஓயாது. வேப்பிலை கட்டிக்கொண்டு பவானி அம்மனைப் பார்க்க வரும் கூட்டத்துக்குப் பாட்டுப் போடுவது ரேடியோ செட்காரர் வேலை. இப்போது ஒரு பென்டிரைவ் போதும். இசைத்தட்டுக் காலத்தில் அப்படியில்லை. நிமிடத்துக்கு 33⅓ சுற்றில் ஓட வேண்டிய தட்டைக் கைமறதியாக 45-ல் வைத்துவிட்டால் பாட்டு ஓட்டம் பிடிக்கும். கூடவே குரலும் ஏறும். 1 கட்டையில் பாடிய ஆண்குரல் 4 கட்டையையும் தாண்டிக் கீச்சிடும். வேகமும் சுருதியும் அன்று ஒரே மோட்டாரின் பிடியில் இருந்தன.

டிஜேக்களின் தொழில் வளர்ந்ததே இந்தப் பிடியோடு மல்லுக்கட்டித்தான்.

1960களின் கடைசியில் நியூயார்க்கில் சாங்ச்சுவரி என்ற கிளப்பில் பிரான்சிஸ் கிராசோ, ஓடுகிற தட்டின் தாளத்தோடு அடுத்த தட்டின் தாளத்தை ஒட்டவைத்து, ஆடுபவர்களின் கால் நிற்காமல் பார்த்துக்கொண்டார். 1979-ல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 சுழல்மேசை அதை எளிதாக்கியது. பக்கவாட்டில் ஒரு நகர்த்தி. அதைத் தள்ளினால் வேகம் 8 சதவீதம் வரை கூடும், அல்லது குறையும். நிமிடத்துக்கு 120 அடி உள்ள பாட்டை 129 வரை கொண்டுபோகலாம். ஆனால் 6 சதவீதம் ஏற்றும்போதே சுருதி அரைக் கட்டை ஏறிவிடுகிறது. தாளம் சேர்ந்தாலும், தம்புரா ஒரு பக்கமும் பாடகர் இன்னொரு பக்கமும் இழுப்பதுபோல் இரண்டு பாட்டும் முட்டிக்கொள்ளும்.

1977 முதல் சிகாகோவின் வேர்ஹவுஸ் கிளப்பில் பிராங்கி நக்கிள்ஸ் தட்டுப் போட்டார். ஹவுஸ் இசைக்குப் பெயர் வந்தது அந்த இடத்திலிருந்துதான். நாலு அடியிலும் தவறாமல் விழும் டிரம், பெரும்பாலும் 120-க்கும் 130-க்கும் நடுவில் நிற்கும் வேகம். எல்லாப் பாட்டும் ஏறக்குறைய ஒரே நடையில் போவதால் தாளம் ஒட்டுவது பெரிய பாடில்லை. ஒரு டிஜேயின் காது எப்படிப்பட்டது என்பதைச் சுருதி காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தக் கதையில் நம் நாட்டுக்காரர் ஒருவரும் வருகிறார். இந்தி சினிமா இசைக்குழுக்களில் வாசித்த சரண்ஜித் சிங், 1982-ல் ரோலண்ட் நிறுவனத்தின் டிஆர்-808, டிபி-303, ஜூபிடர்-8 என்ற மூன்று கருவிகளை வைத்துக்கொண்டு, டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்களை வாசித்து எச்எம்வி தட்டாக வெளியிட்டார். பைரவ், யமன், மால்கவுன்ஸ் எல்லாம் அதில் உண்டு. அன்று யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஐந்தாண்டு கழித்து, அதே டிபி-303-ஐ முறுக்கிச் சிகாகோவின் பியூச்சர் குழு வெளியிட்ட தட்டிலிருந்து ஆசிட் ஹவுஸ் பிறந்தது. 2010-ல் சிங்கின் தட்டு மறுபதிப்பாக வந்தபோது, ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்தவரே இவர்தான் என்று சிலர் கொடிபிடித்தார்கள். அது மிகை. ராகம் ஆதார ஷட்ஜத்தை விட்டு நகராது, ஹவுஸும் ஒரே சுருதியில் நெடுநேரம் நின்று சுழலும். ஒரே கருவி இருவர் கையிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி பேசியதற்கு அதுவே போதுமான காரணம்.

பிறகு கணினி வந்து பழைய முடிச்சை அவிழ்த்தது. சுருதியை அசையாமல் நிறுத்திவிட்டு வேகத்தை மட்டும் மாற்ற முடிந்தது. எந்தச் சுருதி எதோடு சேரும் என்று சொல்ல, கடிகாரம்போல் 12 எண்கள் கொண்ட கேமலாட் சக்கரமும் புழக்கத்துக்கு வந்தது. எண்ணுக்குப் பக்கத்து எண் சேரும் என்பது விதி. கச்சேரி கேட்டுப் பழகியவருக்கு இதில் புதுமை குறைவு. பக்கத்து எண் என்பது ச–ப உறவுதான்: 1 கட்டைக்கு 5 கட்டை. ஒரே எண்ணுக்குள் இருக்கும் மேஜரும் மைனரும், கிரக பேதத்தில் சங்கராபரணமும் நடபைரவியும் போல, ஒரே ஸ்வரங்களை வேறு ஷட்ஜத்திலிருந்து பார்ப்பவை.

நம்மூர்க் கல்யாண மண்டபத்தில் இந்தச் சக்கரம் பாதி வழிதான் வரும். குத்துப்பாட்டு பெரும்பாலும் திஸ்ர நடை. ஒவ்வோர் அடியும் மூன்றாக உடையும். ஹவுஸில் அது நாலாக உடைகிறது. லேப்டாப் திரையில் வேக எண்ணும் சுருதி எண்ணும் பொருந்தி நின்றாலும், இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக விட்டால் ஆடுகிறவன் கால் தடுமாறும். விவரமான டிஜே அங்கே கலக்கவே மாட்டார். டிரம்மை அடக்கிக் குரலை மட்டும் ஓரிரு ஆவர்த்தம் ஓடவிட்டு, அது முடிகிற இடம் பார்த்து அடுத்த பாட்டை எடுப்பிலிருந்தே விடுவார்.